எந்த ஊர் போலீஸ் என்று கேட்காமல் விட்டேன்

எமர்ஜென்சி சமயத்தில் ஒரு விடியற்காலை, என் கணவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விவசாயிகள் கூட்டத்தில் சர்க்காரைக் குறை சொல்லிப் பேசினாராம். வந்தவர்கள் காக்கி உடுத்தவில்லை. எங்களைப் போலவே தமிழ் பேசினார்கள். நான் வெளி ஆட்கள் முன்னால் பேசிப் பழகாதவள். கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையோரம், கேரளாப் பக்கம். தமிழ் பேசியதால் கோயமுத்தூர் போலீஸ் என்று நினைத்து, அங்கே ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தேன். "கேரளாக்காரனைக் காணோம்னா இங்க எதுக்கம்மா வந்தே?" என்று சிரித்தார்கள். வெகுநாள் கழித்து, விடுதலையாகி வந்த ஒருவர் அவரைப் பாலக்காட்டு லாக்கப்பில் பார்த்ததாகச் சொன்னார். உடனே வக்கீலிடம் ஓடினேன்.

"முன்னமே வந்திருந்தா எர்ணாகுளம் கோர்ட்டுல கேட்டாவது பாத்திருக்கலாமுங்க. எமர்ஜென்சி முடியற வரைக்கும் யாரும் புடிச்சு வெச்சவங்களக் கேட்டுக் கோர்ட்டுக்கு வரக்கூடாதுன்னு டில்லி சுப்ரீம் கோர்ட்டு இப்பத் தீர்ப்புச் சொல்லிருச்சு" என்றார் அவர்.

"உசுரோட இருக்காரான்னு கூடக் கேக்கக் கூடாதுங்களா?"

"கூடாதுங்கம்மா."

எமர்ஜென்சி முடிந்த பிறகே என் கணவர் வீடு வந்தார். இன்றும் அவரால் சோறு பிசைய முடிவதில்லை. நான்தான் பிசைந்து கொடுக்கிறேன்.

இப்போது எங்கள் தெருவில் ஜீப் நின்றால், யார் வீடானாலும் போய் முன்னால் நிற்கிறேன். "ஏனுங்க, நீங்க எந்த ஸ்டேஷனுங்க?" என்று கேட்கும்போது குரல் நடுங்கத்தான் செய்கிறது. பதில் வரும்வரை நகர்வதில்லை.