முக்காலியில் ஒரு ஷாப்கா

எங்கள் வீட்டுக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் ஒரு ரோமத் தொப்பியை வைப்போம். ஏ.எஸ்.ராவ் நகரில் வேறெந்தக் கொலுவிலும் இப்படியொன்றை நான் பார்த்ததில்லை. மாமனார் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்தபோது பயிற்சிக்காக மாஸ்கோ போய் வாங்கிவந்த தொப்பி அது. கூடவே வந்த மரப்பொம்மைகள் படியேறிவிட்டன. தோல் சாமானைப் படியில் வைக்கக்கூடாது என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததால் தொப்பிக்கு முக்காலி கிடைத்தது. புதிதாக வருகிற பெண்கள் பூனை படுத்திருக்கிறதென்று நினைத்து ஒதுங்கி உட்காருவார்கள்.

கல்யாணமாகி நான் இங்கே வந்த முதல் நவராத்திரியில் அந்த முக்காலியருகே சபை நடத்திக்கொண்டிருந்தவள் என் நாத்தனார். ரஷ்ய மொழி படித்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு ரஷ்யாவுல ஷாப்கா. போலந்துல சாப்கா, செக்குல செப்பிட்ஸே, செர்பியாவுல காபா. எல்லாம் ஒரே வம்சம். லத்தீன்ல கப்பான்னா முக்காடு வெச்ச அங்கி. ஆளையே மூடினது, ஊர் ஊராப் போய்த் தலையோட நின்னுடுச்சு" என்றாள். விளிம்பு வைத்த தொப்பிக்கு வேறு பெயராம், அது துருக்கிப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்களாம். வந்தவர்கள் சுண்டலை மறந்து கேட்டார்கள். "ஒவ்வொரு வீட்டுக்கும் வாக்கப்பட்டுப் போய் அந்தந்த வீட்டு நாக்குக்கு மாறிக்கிச்சு, நம்ம அண்ணி மாதிரி" என்று அவள் முடித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். கையில் சுண்டல் தட்டுடன் நானும் சிரித்துவைத்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய படிப்பின்மேல்கூட இல்லை, அவள் பேசும்போது மாமனார் அவள் முகத்தைப் பார்த்த விதத்தின்மேல். என் கணவரும் சாப்பிடும்போது அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் டிகிரி முடித்தவள்தான். அந்த வீட்டில் ஒரு தடவையாவது நான் பேச, எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். என்னிடம் கேட்டதெல்லாம் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதுதான்.

பிறகு அவள் ஒரு செக் நாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பிராகுக்குப் போனாள். பெட்டி கட்டும்போது தொப்பியையும் எடுத்து வைத்தாள். "அது அண்ணிகிட்டயே இருக்கட்டும்மா. வருஷா வருஷம் வெயில்ல காட்டி, அந்துருண்டை போட்டு அவதான வெச்சிருக்கா" என்று மாமனார் சொல்ல, வெளியே எடுத்துவிட்டாள். மகளுக்குப் பெருமை, எனக்குக் காவல் வேலை என்றுதான் அப்போதும் எடுத்துக்கொண்டேன். மாமனார் இன்று இல்லை. ஆனால் என் எரிச்சல் அடங்கவில்லை. தமிழில் கேட்டால் எனக்கு இந்தியில் பதில் சொல்லும் என் மகள், போனில் அத்தையிடம் செக் வார்த்தைகளைக் கேட்டு வாங்கி நாள் முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

இந்த வருஷக் கொலுவன்று நாத்தனார் வீடியோவில் வந்தாள். முக்காலிப் பக்கம் போனைத் திருப்பினேன்.

"இங்க நான் வாயத் திறந்தா மாமியார் வீட்டுல சிரிக்கிறாங்க அண்ணி. உச்சரிப்பு அப்படி. வாக்கப்பட்டுப் போன வார்த்தை இப்ப நான்தான்" என்றாள். பிறகு, "அப்பா அதை உங்ககிட்ட குடுத்தப்போ எவ்ளோ பொறாமையா இருந்துச்சு தெரியுமா?"

"உனக்கா?"

"ஹவ் அண்ணி" என்று எங்கள் ஊர் இந்தியில் ஆமாம் போட்டாள். "இப்பவும்தான்."

இத்தனை வருஷமும் இந்த வீட்டில் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்திருந்தேன்! அப்புறம், மறைப்பானேன், உள்ளுக்குள் இனித்தது. அந்த ஊர்க் குளிருக்குத் தொப்பி அவளுக்குத்தான் உதவும். இங்கே மின்விசிறிக்குக் கீழே அதற்கு ஒரு வேலையும் கிடையாது. அனுப்பட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. முக்காலியைப் படிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.