ஈரக்கைக்கு ஒரு கத்தி

சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்துக் கத்திக்கடையில் எனக்கு முன்னால் நிற்பவர் ஹோட்டல் சமையலறை உடுப்பில் இருக்கிறார்; சட்டையில் சிவகலா என்று பெயர்ப்பட்டை. பார்த்ததுமே கடைக்காரர் மலிவான பிளாஸ்டிக் பிடிக் கத்தியை நீட்டுகிறார். சிவகலா அதை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும் விலையுயர்ந்த கத்தியையும் கேட்டுக் கையில் வாங்கிக்கொள்கிறார். கைப்பையிலிருந்து வெங்காயம் ஒன்றை எடுக்கிறார். பாட்டில் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, இரண்டு கத்தியாலும் அரிந்து பார்க்கிறார். கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் பிடிக் கத்தியையே எடுத்துக்கொள்கிறார்.

"என்னங்க, அது விலை ஜாஸ்தியா?" என்று கேட்டுவிடுகிறேன்.

சிவகலா முறைக்கிறார். "ஏன், என்னால வாங்க ஏலாதெண்டு நினைச்சீங்களோ? அது ஈரக்கையில வழுக்குது. நாளுக்கு ஒரு மூட்டை வெங்காயம் வெட்டுற கை இது. அந்த ஆள் எனக்கு மலிவான கத்தி எடுத்துத் தந்தவர். நான் நல்ல கத்தி எடுத்திருக்கிறன்."