மூன்று மணிக்குப் படுத்துவிடும் வேகம்

இணைய இணைப்பு கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் புகார் போனை எடுப்பவள் அவள். யார் கத்தினாலும் குரல் உயராது என்பதால் ஆபீசில் 'பொறுமை அக்கா' என்று பெயர். உண்மையில் பொறுமையெல்லாம் கிடையாது. "நெட் ஸ்லோ" என்ற இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு எதைச் சரிசெய்வது என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் முதலாளியிடம் போய் நின்றாள். "நம்ம சர்வர்லயே ஸ்பீடு டெஸ்ட் பக்கம் ஒண்ணு போடலாம் சார். வீட்டுலேர்ந்து நம்ம சர்வர் வரைக்கும் வேகம் சரியா வந்தா, கோளாறு வெளியில. வரலைன்னா நம்ம லைன்ல."

"நம்ம குடுமியை நாமளே கஸ்டமர் கையில குடுக்கறதா?"

"இப்பவும் திட்டத்தான் செய்யறாங்க. இனிமே நம்பரோட திட்டட்டும்."

அவர் சிரித்துவிட்டார். பக்கம் வந்தது. முதல் வாரம் போன் ஓயவில்லை. வீட்டிலிருந்தே வீடியோவில் தையல் வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர் தினமும் விடாப்பிடியாகக் கூப்பிட்டார்.

"மூணு மணியானா டெஸ்ட்ல நூறு காட்டுற வேகம் பத்துக்கு இறங்கிடுதும்மா. நான் ஊசியில நூல் கோக்கறேன், அங்க என் கை அப்படியே உறைஞ்சு நிக்குதாம்!"

லைன்மேன் இரண்டு முறை காலையில் போய்ப் பார்த்தார். நூறுக்கு நூறு. "அந்தம்மாவுக்கு வேற வேலை இல்லை" என்று கையை விரித்தார்.

அவள் சர்வரில் பதிவான டெஸ்ட்களைப் புரட்டினாள். அதே தெருவில் இன்னும் நாலு வீட்டிலும் மூன்றிலிருந்து ஐந்து வரை வேகம் படுத்திருந்தது. மறுநாள் சரியாக மூன்று மணிக்கு லைன்மேனை இழுத்துக்கொண்டு போனாள். தெருமுனையில், மேற்கு வெயில் அறையும் சுவரில் அந்த வீடுகளுக்கான இணைப்புப் பெட்டி. தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்தார். உள்ளே சூட்டைத் தணிக்கும் விசிறி நின்று எத்தனை நாளோ.

"காலையில வந்தா இது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதுக்குத்தானே அண்ணே இந்த வெயில்ல கூட்டிட்டு வந்தேன்."

விசிறியை மாற்றி, பெட்டியை நிழல் பக்கம் நகர்த்தினார்கள்.

அடுத்த நாள் மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஹலோ கூட இல்லை. "தொண்ணூத்தாறு!" என்றார் டீச்சர். பின்னால் மாணவிகள் கைதட்டும் சத்தம். புகார் இல்லாத போனை எந்த வகையில் பதிவது என்று தெரியாமல், 'மற்றவை'யில் போட்டு 'சந்தோஷம்' என்று அடித்தாள்.

டீச்சர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவளையும் சேர்த்துவிட்டார். இதுவரை ஒரே ஒரு தலையணை உறை தைத்திருக்கிறாள். ஒரு பக்கம் கோணல்தான். அவள் கணவன் ஒரு புகாரும் இல்லாமல் அதில்தான் தலை வைத்துத் தூங்குகிறான்.