செல்லே இல்லாத பாட்டில்

ரோஸ் ஷர்பத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். காரணம் எங்கள் ஆய்வகத் தலைவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் வேலை பார்த்தேன். தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்ப்போம். ரத்தத்தை உண்டாக்குகிற செல்கள் அவை. நோயாளிக்குச் செலுத்தும் அளவுக்குப் பெருக்கிவிட வேண்டும் என்று ஆசை. பெருகத்தான் செய்தன, ஆனால் பெருகப் பெருக, ரத்தம் உண்டாக்கும் குணத்தை இழந்துவிடும். இந்த லட்சணத்தில் தலைவர் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, ஆய்வகத்திலேயே ரத்தம் தயார் என்று அளந்துவிட்டார். செல்களுக்கு நிறம் கிடையாது, படத்தில் எடுபடாது. அதனால் செல்லே போடாத வளர்ப்புத் திரவத்தை ஒரு பாட்டில் நிறைய ஊற்றி, உயர்த்திப் பிடித்துச் சிரித்தார். அதில் சாயம் கலந்திருக்கும், ஷர்பத் போலச் சிவந்து தெரியும். பக்கத்தில் நிற்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

படம் வந்த மறுநாள் புனேயின் தாபோடிப் பகுதியிலிருந்து ஒரு தமிழ்த் தொழிலாளி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தையின் கைகாலெல்லாம் நீலத் திட்டுகள். மஜ்ஜையில் ரத்தம் ஊறாத நோய்; வீட்டில் யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. தலைவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உங்கள் பாஷைக்காரர்தானே, நீங்களே பேசி அனுப்பிவிடுங்கள் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்.

வந்தவர் பத்திரிகைத் துண்டை விரித்தார். "நீங்க நம்ம ஆளு, அதான் கேக்குறேன். இந்த பாட்டில்ல பாதி குடுத்தா போதும்மா. புள்ள சின்னதுதானே."

"அண்ணா, அது ரத்தம் இல்ல. வெறும் சாயத்தண்ணி."

"அவ்ளோ பெரிய சாப் ஜூட் பேசுவாரா?"

"பொய்தாண்ணா."

அவருக்குக் கோபம் வரவில்லை. கொடுக்க மனமில்லாமல் நான்தான் சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக் கைகூப்பினார். அப்பாவைப் பார்த்துக் குழந்தையும் கைகூப்பியது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியை விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டேன். மேஜைமேல் இருந்த பாட்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார்.

அதற்குப் பிறகுதான் தலைவரின் கதவு திறந்தது. வெட்கமே இல்லாமல் கேட்டார்.

"விலாசம் வாங்கினீர்களா? அடுத்த பேட்டிக்கு அந்தக் குழந்தையை மடியில் வைத்து ஒரு படம் எடுக்கலாம்."

வாங்கவில்லை என்றேன். அது என் கைப்பையில் பத்திரமாக இருந்தது.