தலைகீழாகத் தொங்கிய காற்றுக் கருவி

காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் ‘கோபுரத்தார்’ என்று பெயர். கேட்டால் ஏதோ அரண்மனை ஆள் போலத் தோன்றும். மரங்களுக்கு நடுவே நாற்பது மீட்டர் உயரம் நிற்கும் இரும்புக் கோபுரத்தில் வாரம் இருமுறை ஏறி, ஐந்து தட்டுகளில் தட்டுக்கு ஒன்றாகக் காற்றை அளக்கும் ஐந்து கருவிகளைத் துடைத்து, வயர்களைச் சரிபார்த்து இறங்குவதுதான் வேலை. உயரம் என்றாலே அவருக்கு உள்ளங்கால் கூசும்.

அதற்கு முன் மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். “அப்போ காத்தக் கொடுத்தேன், இப்போ காத்த எண்ணிக்கிட்டிருக்கேன். முன்னேற்றந்தான்” என்பார். நேர்முகத் தேர்வில் உயரத்துக்குப் பயமா என்று கேட்டதற்கு, “இருபது வருஷமா ஏணியிலதாங்க வாழ்க்கை” என்று அடித்துவிட்டார். அது ஆறு படி ஏணி என்பதை அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏறிய பிறகுதான் காட்டுக் காற்றின் குணம் தெரிந்தது. மர உச்சிகளுக்குக் கீழே பத்து நிமிடம் ஓர் இலைகூட அசையாது. திடீரென்று உச்சியில் இரைச்சல் எழும். நாலைந்து நொடியில் மேலேயிருந்து ஒரு காற்று கிளைகளை விலக்கிக்கொண்டு இறங்கி, அவர் பிடரியில் அறைந்துவிட்டுப் போகும். மறுபடி அமைதி. இடுப்புப்பட்டையும் கொக்கியும் இருந்தாலும் அவர் கம்பியை இரு கையாலும் அணைத்துக்கொள்வார். காற்று போனதும், தான் படுகிற பாட்டை வீட்டில் காட்டுவதற்காகக் குறிப்பேட்டில் எழுதுவார்: ‘10.42, கட்டிப்பிடித்தேன். 11.05, கட்டிப்பிடித்தேன், கண்ணை மூடவில்லை.’

மனைவி அதை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை இத்தனை தடவ கட்டிப்பிடிச்சதில்லீங்க நீங்க.”

வேலைக்குச் சேர்ந்த ஏழாம் ஆண்டு, மழை ஓய்ந்த சமயம், பழுதுபார்த்து வந்த மூன்றாம் தட்டுக் கருவியைத் திரும்ப மாட்டினார். ஒரு மாதம் கழித்து அந்தக் காற்றுக் கணக்கை ஆராயும் மேடம் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். தகரக் கூரை அறை. ஈரத்துக்குப் பயந்து கணினிக்கு மேல் துண்டு போர்த்தியிருந்தது. சுவர் முழுக்க வரைபடங்கள்.

“இங்க பாருங்கண்ணா. மத்த நாலு தட்டுலயும் வேகமான காத்து மேலேருந்து கீழ இறங்குது. நடுத்தட்டுல மட்டும் கீழேருந்து மேல ஏறுது. நம்ம காட்டுல இதுவரைக்கும் இப்படிப் பார்த்ததே இல்ல. கட்டுரை எழுத ஆரம்பிச்சிட்டேன்.”

ஏழு வருடம் அறை வாங்கிய பிடரி அவருடையது. காற்று எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியும். தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் ஏறிப் பார்த்தார். கருவியின் பக்கவாட்டில் ‘மேல்’ என்று காட்டும் அம்புக்குறி தரையை நோக்கியிருந்தது. மாட்டிய அன்று காற்று அடித்ததும், ஒரு கையால் கம்பியை அணைத்து மறு கையால் திருகியதும் நினைவுக்கு வந்தன. கண் திறந்திருந்ததா என்பதுதான் நினைவில்லை; பிறகு துடைத்த நாட்களில் திறந்திருந்ததா என்பதும்தான். சத்தமில்லாமல் திருப்பி மாட்டினால் யாருக்கும் தெரியாது. ஸ்பேனரைக் கையில் எடுத்தும்விட்டார். பிறகு, மேடம் அந்த வரைபடத்தைக் காட்டியபோது மலர்ந்திருந்த முகத்தையும், அவர் எழுதும் தப்பான கட்டுரையையும் நினைத்து, தொடாமல் இறங்கினார்.

“கருவி தலைகீழா இருக்கு மேடம். நான்தான் மாட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு மாட்டிட்டேன் போல. எனக்கு உயரம்னா பயம்.”

மேடம் சுவரிலிருந்த வரைபடத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினார். “ஏழு வருஷமா ஏறுறீங்களே.”

“ஏழு வருஷமா பயந்துக்கிட்டேதான் ஏறுறேன்.”

பேச்சுக்கு அத்தாட்சியாகக் குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார். மேடம் எரிச்சலோடுதான் அதைப் புரட்டினார்; கட்டுரை போன வருத்தம் அவருக்கு. ஒரு வாரம் வேலை விஷயம் தவிர வேறு பேச்சில்லை. கோபுரத்தார் மின்விசிறிக் கடையை மறுபடி திறப்பதைப் பற்றி மனைவியிடம் விசாரித்தார்.

எட்டாம் நாள் மேடமே தேடி வந்தார். நடுத்தட்டுக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதாம். அதைவிட, குறிப்பேட்டில் இருந்த நேரங்களை உச்சிக் கருவியோடு ஒப்பிட்டிருக்கிறார். மேலிருந்து காற்று இறங்கிய நேரங்களோடு அனேகமாக எல்லாம் பொருந்தின.

“ஒரு மணி நேரத்துல காட்டுக்கும் வெளிக்காத்துக்கும் நடக்கிற ஈரம், வெப்பப் பரிமாற்றத்துல பாதிக்கு மேல, நீங்க கட்டிப்பிடிச்ச அந்தக் கொஞ்ச நிமிஷத்துலதாண்ணா நடந்திருக்கு.”

“அப்போ நான் ஆறாவது கருவி. அது ஒண்ணாவது நேரா இருந்திருக்கு” என்றார் அவர். மேடம் சிரித்துவிட்டார்.

அன்று மதியமே கருவியைத் திருப்பி மாட்ட ஏறினார். கீழே நின்ற மேடம், “அம்பு மேல பாக்குதா?” என்று குரல் கொடுத்தார்.

“அம்பு பாக்குது மேடம். நான்தான் இன்னும் கீழ பாக்கல.”

அதற்குப் பின்னும் நான்கு வருடம் ஏறினார். பயம் குறையவில்லை. ஆனால் மேடம் கேட்டுக்கொண்டதால், கட்டிப்பிடித்த நேரத்தை நொடியும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது.