நான் ஒட்டிய நாற்பது பக்கங்கள்

வாசகசாலை வேலையில் முப்பது வருடம் தள்ளியவன் நான். கிழிந்த புத்தகம் எத்தனையோ தைத்திருக்கிறேன். ஒரே ஒரு புத்தகத்தைத்தான் என் கையாலேயே பாழாக்கினேன். 

யுத்தகாலம். குமாரபாளையத்தில் ஒரு சங்கத்து வாசகசாலையில் கிளார்க்காக இருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் பெண்களுக்கு. வருகிறவர்கள் நாலைந்து பேர்தான்.

அந்த வருடம் ஒரு நாவல் வந்தது. முன்பகுதி முழுக்க ஒருவன் பெண்டாட்டியைச் சித்திரவதை செய்கிறான். கடைசி நாற்பது பக்கத்தில் அவள் தப்பி அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அங்கே அடிக்க ஆள் இல்லை. ஆனாலும் கதவுச் சத்தம் கேட்டால் மூலையில் போய் ஒண்டிக்கொள்கிறாள். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்கிறாள். 

சங்கத்துக் காரியதரிசி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"முன்னாடி இருக்கறது கெடக்கட்டும். எந்த ஊட்லய்யா அடி விழுகல? இந்தக் கடைசி நாப்பது பக்கம்தான் ஆகாது. பொம்பளைங்க படிச்சா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் உக்காந்து அழுவாளுக. ஒட்டிப்போடு."

அடியை விட்டுவிட்டு அழுகையை மூடச் சொல்கிறாரே மனுஷன்! நான் கேட்டிருக்க வேண்டும். "செரிங்க" என்றேன்.

பைண்டிங் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்ச வேண்டும். எனக்குச் சோம்பல். பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் பாவு நூல் விறைக்கப் போட வைத்திருந்த கஞ்சியில் ஒரு கிண்ணம் வாங்கிவந்து ஒட்டினேன்.

அந்தப் புத்தகத்தைப் பாவாயி எடுத்துப்போனாள். அந்தத் தறிக்காரர் வீட்டுப் பெண். ஐந்தாவது வரை படித்தவள். புருஷன் அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அடுத்த செவ்வாயே வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, கடைசிப் பக்கமெல்லாம் ஒட்டிக்கெடக்குதுங்களே?"

"பைண்டிங்ல பசை பட்டிருச்சு அம்மிணி" என்று கூசாமல் புளுகினேன்.

அவள் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "இது பாவுக்குப் போடற கஞ்சிங்க. தெனமும் காச்சறேன், எனக்குத் தெரியாதுங்களா? ஈரத்துணி போட்டா உட்ரும். பிரிச்சுக்கட்டுங்களா?"

"காரியதரிசியக் கேக்கோணும்."

"அவ அடி வாங்கறதப் படிச்சேனே, அதுக்கு யாரையுங் கேக்கலீங்களே?"

 அவளே சொன்னாள்.

"அடி எப்படி இருக்கும்னு புத்தகம் பாத்தா நாந் தெரிஞ்சுக்கோணும்? அதுக்கப்புறம் அவளுக்கு என்ன ஆச்சுன்னுதாங்க தெரியோணும். இன்னமும் யாராச்சும் கதவத் தட்டுனா எனக்குக் கை நடுங்குது. பித்துப் புடிச்சிருச்சுன்னு ஊட்ல சொல்றாங்க. வெள்ளிக்கிழமை கட்டுனவங்கூட்டு ஆளுக என்னயக் கூட்டிப்போக வாராங்க. இங்கிருந்து பித்தாகறதுக்கு அங்கயே போன்னு எங்கய்யனே சொல்றாருங்க."

கோபம் வந்தது பாருங்கள்! காரியதரிசி மேல், அவள் அப்பன் மேல், எல்லோரையும்விட அந்தக் கிண்ணத்தை வாங்கிவந்த என் மேல். "எடுத்துட்டுப் போ சாமி, ஒரு பக்கம் உடாம படி" என்றேன்.

மறு செவ்வாய் புத்தகம் திரும்பி வந்தது. பக்கங்கள் சுருங்கி அப்பளம் மாதிரி இருந்தன. "கை இன்னும் நடுங்கத்தான் நடுங்குதுங்க" என்றாள் பாவாயி. "ஆனா அந்தக் கதையில அவளுக்கும் இப்படித்தானுங்க. இது பித்தில்லைன்னு அத்தன பேரு முன்னாடியும் சொல்லிப்போட்டேன். போகமாட்டேன்னுட்டேன். வந்தவங்க வெறும் வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாங்க."

காரியதரிசி சுருங்கிய பக்கங்களைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "சங்கத்துப் பொஸ்தகத்தக் கெடுத்தது எவடா?"

"நாந்தானுங்க" என்றேன். "ஒட்டிக் கெடுத்தது நானு. அதச் செரி பண்ணுனது ஒரு பொண்ணு. அவ பேரச் சொல்லமாட்டேன்."

அன்று சாயங்காலமே என் சீட்டைக் கிழித்தார்கள். அப்புறம் வேறு ஊரில் வேலை கிடைத்தது, அது பெரிய விஷயமில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பக்கத்தை மூடச் சொல்கிறவன் வாசகருக்கு நல்லது என்றுதான் சொல்லுவான், நம்பித் தொலைக்காதீர்கள். நான் ஒட்டியதால் இன்னும் ஏழு நாள் பாவாயி தன்னைப் பைத்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.