திரையில் மட்டும் கீழே நின்ற லிஃப்ட்

போன வாரம் மகள் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை கூடமெல்லாம் பரவியது. கொஞ்ச நேரத்தில் செல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "பழைய பிரிண்டர இதுக்குத் தெரியலம்மா. டிரைவர் இல்லன்னு சொல்லுது."

"அப்ப நடுவுல பேச ஆளில்லன்னு சொல்லு" என்றேன்.

மருமகன் திரும்பிப் பார்த்தார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற மாமியாருக்கு இது எப்படித் தெரியும் என்று அவருக்கு ஆச்சரியம். எனக்குத் தெரியும். ஒரு லிஃப்ட்டுக்குள் நின்று கற்றுக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லையே.

தொண்ணூறுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் உயரமான ஆபீஸ் கட்டடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. கிள்ளானிலிருந்து பஸ். வீட்டுக்காரர் லோரி ஓட்டிக்கொண்டு ஜொகூர், பினாங்கு என்று போய்விடுவார். செல்வி கடைக்குட்டி, பள்ளிக்கூடம் போகாத வயது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாளில் கூடவே கூட்டி வந்துவிடுவேன். பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் கீழே லாபிக்குப் பின்னால் துடைப்பம் வைக்கும் சின்ன அறையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கவைத்து, அலைந்து போகாமலிருக்க வெளியே தாழ் போட்டுவிடுவேன். ஃபினாயில் வாசனையிலேயே தூங்கி வளர்ந்த பிள்ளை அது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுக்குக் கொட்டாவி வருகிறது.

லாபியில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறதா எல்லாம் அதில் தெரியும். சரியாக இருந்தால் பச்சை, உள்ளே யாராவது பெல் அமுத்தினால் சிவப்பு. முன்பு நிஜமான மணி ஒன்று சுவரில் இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபின் அதைக் கழற்றிவிட்டார்கள். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது ராசு அண்ணன், ஜாகா வேலை, அதாவது காவல் வேலை செய்தவர், கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரான் ஊர்க்காரர். கண் திரையில் இருக்கும், வாய் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆபீஸெல்லாம் மூடியபின், அந்தக் கம்ப்யூட்டரை மாற்ற குகன் தம்பி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, தமிழை ஆங்கிலத்தில் தொட்டுத் தொட்டுப் பேசுவார். முடித்துவிட்டு மேலே லிஃப்ட் மெஷின் ரூமைப் பூட்டப் போனார். இறங்கும்போது நானும் வாளியோடு அதே லிஃப்ட்டில் ஏறினேன்.

பாதி வழியில் கரண்ட் ஒரு கண் சிமிட்டியது. லிஃப்ட் நின்றது. ஈரத்துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த நாற்றம், மேலே மங்கலாக ஒரு விளக்கு.

தம்பி சிரித்துக்கொண்டே பெல்லை அமுத்தினார். "பயப்படாதீங்க அக்கா. இப்ப கீழ சிவப்பா எரியும்."

யாரும் வரவில்லை. மறுபடி அமுத்தினார். அப்புறம் அவர் சிரிப்பு நின்றது. மாற்றி முடித்ததும் திரையில் படம் வந்ததைப் பார்த்தாரே தவிர, லிஃப்ட் அசையும்போது படமும் அசைகிறதா என்று பார்க்கவில்லை.

"லிஃப்ட்ட பாக்குற புரோகிராம் பழசு அக்கா. கம்ப்யூட்டர் புதுசு. ரெண்டுக்கும் நடுவுல பேசுறதுதான் டிரைவர். பழைய டிரைவர் புதுசுல வேல செய்யல போல."

"அப்ப கீழ என்ன தெரியும் தம்பி?"

"மொதல்ல வந்த படத்துலயே நின்னிருக்கும். நாம கீழ இருப்போம். கதவு திறந்து. பச்சையா."

அந்த வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. சாயங்காலம் ராசு அண்ணன் திரையை ஒரு பார்வை பார்ப்பார், பச்சை, லாபியைப் பூட்டிக்கொண்டு வெளிக்கேட்டில் இருக்கும் காவல் கொட்டகைக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை வரைக்கும் யாரும் உள்ளே வரமாட்டார்கள். நான் எப்படியோ இருந்துவிடுவேன். தாழ் போட்ட அறைக்குள் பிள்ளை கிடக்கிறது. அது அங்கே இருப்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

கத்தினேன். கதவை வாளியால் இடித்தேன். சத்தம் எங்கள் காதுக்கே திரும்பி வந்தது. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. "யாராச்சும் வருவாங்க அக்கா" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. "யாரு வருவா? நீங்கதான் எல்லாருக்கும் பச்சைய காட்டிட்டு வந்திருக்கீங்களே!" படித்த பிள்ளையிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசிவிட்டேன். அவர் என் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பிள்ளையை விட்டுவிட்டது போல இருந்தது.

கீழே நடந்ததை ராசு அண்ணன் பிறகு சொன்னார். பூட்டப் போகும்போது துடைப்ப அறைக்குள் அழுகைச் சத்தம். பூனை என்று நினைத்துத் தாழைத் திறந்தால் என் மகள்.

"ஒங்கம்மா எங்க?"

"லிஃப்ட்ல."

"லிஃப்ட் கீழதான் நிக்குது, இந்தா படத்துல பாரு. அம்மா வீட்டுக்குப் போயிருச்சு லா."

"என்ன விட்டுட்டுப் போவாது."

அவர் திரையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சாவி போட்டு லிஃப்ட்டின் கீழ்க்கதவைத் திறந்தார். உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டுக் குழிதான். மேலே பார்த்துக் கத்தினார்: "யாருலா மேல?"

"நாங்கதான் லா!" என்று கத்தினேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

படியேறி மெஷின் ரூமுக்குப் போய், சக்கரத்தைக் கையால் சுற்றி எங்களை இறக்கினார். "பிள்ளைய அந்த ரூம்லயா வச்சிருந்த?" என்றார்.

"வேற எங்க வைக்க, உங்க மண்டையிலயா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அதன்பின் செல்வி தூங்கியது அவர் நாற்காலியில்.

மணியைத் திரும்ப மாட்டச் சொன்னோம், கட்டட முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டும், புது லிஃப்ட் வேண்டாம். அந்தப் பழைய புரோகிராமைச் செய்த கம்பெனியோ எப்போதோ மூடிவிட்டதாம். அதனால் கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் நடுவில் பேசுகிற ஆளைப் புதிதாகச் செய்து வைக்க குகன் தம்பியையே கூப்பிட்டார்கள். சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்தும் வெகுநாள் போக முடியாமல் கிடந்தார். "நான் இன்னும் அந்த லிஃப்ட்டுக்குள்ளதான் இருக்கேன் அக்கா" என்பார்.

ஒவ்வொரு தடவையும் அவர் விடாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. என்னை லிஃப்ட்டில் ஏற்றி, பாதியில் நிறுத்துவார். நான் பெல்லை அமுத்த வேண்டும். ஒரு தடவையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கீழே திரைக்கு முன்னால் செல்வி ஸ்டூலில் ஏறி நிற்பாள். நிறம் மாறியதும் குழிக்குள் கேட்கக் கத்துவாள்: "செவப்பு!" அதற்குப் பிறகுதான் தம்பி கையெழுத்துப் போடுவார்.

கட்டடத்தை இடித்து வானம் முட்டக் கட்டிவிட்டார்கள். ராசு அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா போய்விட்டதாகக் கேள்வி. செல்விக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் இல்லை. நான் சொன்னால், "சும்மா கத வுடாதம்மா" என்கிறாள்.

அவள் வீடு இருபதாம் மாடியில். லிஃப்ட்டில் கண்ணாடி, பாட்டு, நல்ல வாசனை. பெல்லை அமுத்தினால் ஒரு பெண் குரல், தயவுசெய்து காத்திருக்கவும் என்று மலாயில் சொல்கிறது, ஆங்கிலத்தில் சொல்கிறது, பிறகு மறுபடி மலாயில். நான் பதில் பேசினாலும் அதையேதான் சொல்கிறது. நேற்றும் அமுத்திப் பார்த்தேன். அது சொல்லி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் கதவில் காதை வைத்து நின்றேன். கீழேயிருந்து யாரும் கத்தவில்லை.